பழைய ஆர்கேட் மானிட்டரைச் சரிசெய்வது: கடலோரத்தில் முதல்முறை திறப்பவர்களுக்கு

போன ஆனி மாதச் சாரலில், கன்னியாகுமரி கடற்கரைக்குப் போகும் தெருவில் ஒரு கடையின் பின்கட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த வீடியோ கேம் பெட்டி ஒன்றைத் திறந்தேன். ஒரு காலத்தில் நம் பையன்கள் வரிசையில் நின்று 'முஸ்தபா' ஆடிய அதே மாதிரிப் பெட்டி. பின்பலகையின் ஸ்க்ரூக்கள் துருவேறித் தலை உதிர்ந்தன. உள்ளே பிக்சர் டியூபின் கழுத்தில் மாட்டியிருந்த சாக்கெட்டைக் கழற்றினால் ஒரு பின் மட்டும் பாசி பிடித்தது போலப் பச்சையாக இருந்தது. கடைக்கார அண்ணாச்சி, "இஎச்டி போயிருக்கும் தம்பி, அத மாத்திட்டா ஓடும்" என்றார். இஎச்டிக்கு, அதாவது பிக்சர் டியூபுக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு, ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பச்சைப் பின்தான் நோய்.

இதற்கு முந்தைய செட்டில் இதே அறிகுறியைப் பார்த்து நான் நேராக இஎச்டி வாங்கப் போனேன். அது வந்து சேர மூன்று வாரம் ஆனது. மாற்றிய பிறகும் படம் அதே மங்கல்தான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் மாவட்டத்தில் பாகங்கள் சாவதைவிட இணைப்புகள் சாவதுதான் அதிகம். முட்டத்திலோ குளச்சலிலோ கன்னியாகுமரியிலோ இருந்த பெட்டி என்றால் இன்னும் அதிகம். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே நம்மை நனைக்கின்றன. நடுவில் கிடைக்கும் மாதங்களில் உப்புக்காற்று. ஆகவே முதலில் கழுவ வேண்டும், பிறகு பார்க்க வேண்டும், பிறகு அளக்க வேண்டும். பாகம் வாங்குவது கடைசி வேலை.

இன்னொன்று. இந்தப் பெட்டியில் எதைக் கெடுத்தாலும் எங்கேயாவது வாங்கிவிடலாம், பிக்சர் டியூபைத் தவிர. இந்த டியூப்களை இப்போது யாரும் செய்வதில்லை. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் டியூபைக் காப்பாற்றும் வேலை என்று நினைத்துக்கொண்டு செய்யுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

டி.வி. பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ட்யூனர் கிடையாது, ரிமோட் கிடையாது, ஆடியோ பகுதியும் கிடையாது. கேம் போர்டிலிருந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி வயரில் வரும், கூடவே படத்தை ஓடாமல் நிறுத்தும் சிங்க் சிக்னல். பெரும்பாலான பழைய பெட்டிகள் நொடிக்குச் சுமார் 15,700 கோடு வரைபவை. நம் வீட்டு டி.வி. வரைவது 15,625. இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்பதால்தான் டி.வி. மெக்கானிக்கின் அனுபவமும், டி.வி.யின் பல பாகங்களும் இதற்குப் பயன்படுகின்றன. 24,000, 31,000 கோடு வரையும் மானிட்டர்களும் உண்டு. அவற்றின் லைன் பகுதியில், அதாவது படுக்கைக் கோடுகளை வரையும் பகுதியில், டி.வி. பாகத்தைப் போடாதீர்கள்.

மானிட்டரை மூன்று துண்டாக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று டியூபும் அதன் கழுத்தில் ஏறியிருக்கும், கதிரைத் திருப்பும் காயிலான யோக்கும். இரண்டாவது சேஸி எனப்படும் பெரிய போர்டு. பவர், லைன், வெர்டிகல் (கோடுகளை மேலிருந்து கீழே பரப்பும் பகுதி), இஎச்டி எல்லாம் அதில்தான். மூன்றாவது டியூபின் வாலில் செருகியிருக்கும் சின்ன நெக் போர்டு. யோக்கின் பின்னால் கழுத்தைச் சுற்றி இருக்கும் காந்த வளையங்களைத் தொடாதீர்கள். அவை மூன்று நிறமும் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி தொழிற்சாலையில் வைத்துப் பெயின்ட் தொட்டுப் பூட்டியவை. விளையாட்டாக ஒரு சுற்று திருப்பிவிட்டால், பழைய இடத்துக்குக் கொண்டுவர ஒரு நாள் போய்விடும்.

தொடுவதற்கு முன்னால்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

வேலை பார்க்கும்போது என் அக்கா மகன் பக்கத்தில் நிற்பான். பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்த செட்டைக் காட்டி ஒருமுறை கேட்டான்: "மாமா, இதுலதான் கரண்டே இல்லியே, பொறவு எதுக்குப் பயப்படுறீங்க?"

"பிளக்குல இல்ல மக்கா, டியூபுக்குள்ள இருக்கு."

20 அங்குலக் கலர் டியூபின் ஆனோடில், அதாவது முதுகில் ரப்பர் தொப்பிக்குள் இருக்கும் முனையில், ஓடும்போது 20,000 முதல் 25,000 வோல்ட் வரை இருக்கும். டியூபின் கண்ணாடியே ஒரு பெரிய கண்டன்சர். உள்ளே ஒரு பூச்சு, வெளியே கருப்பு கிராஃபைட் பூச்சு, நடுவில் கண்ணாடி. செட்டை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கும். அந்த அடி நேராக ஆளைக் கொல்லாவிட்டாலும், கை உதறிப்போய் டியூபின் கழுத்தில் மோதினால் கழுத்து உடையும். நடந்த விபத்துகளில் பலவும் அப்படி நடந்தவைதான்.

மின்சாரத்தை இறக்கும் முறை இது. பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கைப்பிடி நல்ல தடிமனான பிளாஸ்டிக்கில் இருக்கும் நீளமான தட்டை ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுங்கள். அதன் இரும்புத் தண்டில் முதலைக் கிளிப் வைத்த வயரின் ஒரு முனையை மாட்டுங்கள். மறுமுனையை டியூபின் முதுகில் கருப்புப் பூச்சின்மேல் குறுக்கே ஓடும் பின்னல் வயரில் மாட்டுங்கள். சேஸியில் ஏதோ ஓர் இடத்தில் மாட்டினால் அந்த அடி ஐசிகள் வழியாகப் போய் அவற்றைக் கொன்றுவிடும். பின்னல் வயர்தான் சரியான இடம். இப்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையால் ஸ்க்ரூடிரைவரை ரப்பர் தொப்பியின் அடியில் மெதுவாக நுழையுங்கள். உள்ளே கொக்கியைத் தொட்டதும் 'டக்' என்று சத்தம் வரலாம், வராமலும் போகலாம். சில இஎச்டிகளில் தானாக இறங்கும் ஏற்பாடு இருக்கிறது. சத்தம் வரவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். சில விநாடி அப்படியே பிடித்திருந்து எடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள், ஏனென்றால் கண்ணாடிக்குள் ஊறியிருந்த மின்சாரம் திரும்பவும் மேலே வரும். இரண்டாவது தடவையும் 'டக்' கேட்டிருக்கிறேன்.

அடுத்து சேஸியில் உள்ள பெரிய மெயின் கண்டன்சர். 230 வோல்டில் நேராக ஓடும் செட்டில் இதில் 320 வோல்டுக்கு மேல் நிற்கும். இதை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள், பொறி பறந்து போர்டின் செம்புக் கோடே (டிராக்) எரியும். ஹோல்டரில் மாட்டிய 60 வாட்ஸ் குண்டு பல்பின் இரண்டு வயரையும் கண்டன்சரின் இரண்டு காலிலும் சில விநாடி வைத்தால் அமைதியாக இறங்கிவிடும். பிறகு மீட்டரில் வைத்துப் பாருங்கள், 10 வோல்டுக்குக் கீழே இருந்தால் சரி.

டியூபை நகர்த்தும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கழுத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது. முகப்பை நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டும். காலில் ரப்பர் செருப்பு, கையில் மோதிரமோ வாட்சோ இல்லாமல், வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது மட்டும் வேலை. மழை பெய்து தரை ஈரமாக இருக்கும் நாளில் வேண்டாம், இன்னொரு நாள் செய்துகொள்ளலாம்.

வேண்டிய சாமான்கள்

25 அல்லது 35 வாட்ஸ் சால்டரிங் அயர்ன், நல்ல ஈயம், ஃப்ளக்ஸ், ஈயம் உறிஞ்சும் பம்ப், மல்டிமீட்டர், பூதக்கண்ணாடி, பழைய டூத் பிரஷ், ஐசோப்ரோபைல் ஆல்கஹால். இவ்வளவும் நாகர்கோவில், மார்த்தாண்டம் டி.வி. ஸ்பேர் கடைகளிலேயே கிடைக்கும். இவற்றோடு சீரிஸ் பல்பு போர்டு ஒன்று நீங்களே செய்துகொள்ள வேண்டும். ஒரு பிளக் பாயிண்டுக்குப் போகும் வயரில் 100 வாட்ஸ் குண்டு பல்பை வரிசையாக இணைத்தால் அதுதான் சீரிஸ் போர்டு. அதன் உபயோகம் பின்னால் வருகிறது.

செட்டை மெயின் லைனிலிருந்து பிரித்து வைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். பழைய ஆர்கேட் சேஸிகள் பலவற்றில் அடிப்பகுதியே மெயின் லைனோடு சேர்ந்திருக்கும். பெட்டிக்குள் அதற்காக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பார்கள். மானிட்டரை மட்டும் வெளியே எடுத்து மேசையில் வைத்து நேராக பிளக்கில் சொருகினால், அதன் உலோகச் சட்டத்தைத் தொடுபவருக்கும் ஆபத்து, இணைத்திருக்கும் கேம் போர்டுக்கும் ஆபத்து. அதோடு, ஜப்பான் அமெரிக்கப் பெட்டிகளின் மானிட்டர்கள் 100 அல்லது 110 வோல்டுக்குச் செய்தவை. பின்பக்க ஸ்டிக்கரைப் படிக்காமல் நம் 230-இல் சொருகினால் அந்த விநாடியே முடிந்தது.

முதலில் பழக வேண்டியது வேறொரு டி.வி.யில்

புதிதாகக் கற்பவர்களிடம் இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்த 14 அங்குலச் செட் உங்கள் வீட்டுப் பரணிலோ, பக்கத்து வீட்டுப் பரணிலோ கட்டாயம் ஒன்று கிடக்கும். அதை இறக்குங்கள். மின்சாரம் இறக்குவது, நெக் போர்டைக் கழற்றுவது, பத்து கண்டன்சரைக் கழற்றித் திரும்ப மாட்டுவது, டிராக் பிய்யாமல் ஈயம் உறிஞ்சுவது எல்லாவற்றையும் அதில் பழகுங்கள். பழகி முடித்தபின் அதே செட் உங்களுக்கு ஸ்பேர் பெட்டியாகிவிடும். சாக்கெட், ஃபியூஸ் ஹோல்டர், டியூபில் ஏறிய காந்தத்தை நீக்கும் டிகாஸ் காயில், அந்தக் காயிலுக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் போசிஸ்டர், ஆனோடு ரப்பர் எல்லாம் அதிலிருந்து எடுக்கலாம்.

கழற்றுதல், கழுவுதல்

எந்த வயரைப் பிடுங்கும் முன்னும் போனில் படம் எடுங்கள், நாலு பக்கமும். கனெக்டர்களில் ஒரே அளவில் இரண்டு இருந்தால் பெயின்ட் மார்க்கரால் 1, 2 என்று இரண்டு பக்கமும் எழுதுங்கள். யோக்கின் கனெக்டரைப் பிடுங்கியபடி செட்டை ஆன் செய்யவே கூடாது. நெக் போர்டைக் கழற்றும்போது ஆட்டி ஆட்டி இழுக்காமல் நேர்கோட்டில் பின்னால் இழுங்கள்.

கடலோரப் பெட்டியின் போர்டைத் திறந்தவுடனே பலர் செய்யும் தவறு, ஆல்கஹாலை ஊற்றித் தேய்ப்பது. ஆல்கஹாலில் எண்ணெய்ப் பிசுக்கும் பழைய ஃப்ளக்ஸும் போகும், உப்பு போகாது. உப்பு தண்ணீரில்தான் கரையும். ஆகவே முதலில் தண்ணீர்தான். இஎச்டியையும் திருகு கண்ட்ரோல்களையும் பாலித்தீன் பையால் சுற்றிக் கட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு சில துளி விட்ட தண்ணீரில் பிரஷை நனைத்து இரண்டு பக்கமும் தேயுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் அலசுங்கள், குழாய்த் தண்ணீரில் அலசினால் அதன் உப்பு திரும்ப ஒட்டும். கடைசியாக ஆல்கஹால் அடித்து ஈரத்தை விரட்டுங்கள்.

காய்வதற்கு வெயிலில் இரண்டு நாள். சாரல் மாதமாக இருந்தால், அட்டைப்பெட்டிக்குள் போர்டை வைத்து 60 வாட்ஸ் பல்பை ஒரு முழம் தள்ளித் தொங்கவிட்டு ஒரு நாள் முழுக்க எரியவிடுங்கள். பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து, பக்கத்திலேயே ஆளும் இருக்க வேண்டும். காய்ந்ததாகத் தோன்றினாலும் டிரான்ஸ்ஃபார்மர்களின் அடியில் ஈரம் நிற்கும். பொறுமை வேண்டும்.

பார்த்தல்

இப்போது பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள். வேலையில் பாதி இதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

ஈயப் பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சூடாகும் பாகங்களின் கால்களைச் சுற்றி, தலைமுடி அளவுக்கு ஒரு கருப்பு வளையம் தெரிகிறதா? அதுதான் டிரை சோல்டர். கால் ஈயத்தைவிட்டுப் பிரிந்து நிற்கிறது என்று பொருள். இஎச்டியின் கால்கள், லைன் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர், லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர், வெர்டிகல் ஐசி, யோக்கு கனெக்டர், நெக் போர்டு சாக்கெட் ஆகியவற்றில் முதலில் தேடுங்கள். மங்கிப்போன பழைய ஈயத்தின்மேல் புது ஈயத்தைப் பூசாதீர்கள். பழையதை உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டி, ஃப்ளக்ஸ் வைத்துப் புதிதாகப் பற்றவையுங்கள். தட்டினால் வரும், தட்டினால் போகும் என்ற செட்டுகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே சரியாகிவிடும்.

இனி சாக்கெட். நெக் போர்டில் டியூப் செருகும் வட்டச் சாக்கெட்டில் மற்றப் பின்களிலிருந்து தள்ளித் தனியாக, பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு பின் இருக்கும். இஎச்டியிலிருந்து தடித்த வயர் ஒன்று அங்கேதான் வருகிறது. அது ஃபோகஸ் பின், பல ஆயிரம் வோல்ட் அதில் போகிறது. அந்தக் கூட்டுக்குள் ஈரமும் உப்பும் சேர்ந்தால் வோல்டேஜ் கசியும். அறிகுறி மிகத் தெளிவானது: ஆன் செய்தவுடன் படம் மூக்குக்கண்ணாடி கழற்றியவர் பார்ப்பதுபோல மங்கலாக இருக்கும், பத்து இருபது நிமிடம் சூடானதும் மெல்லத் தெளியும். மழைநாளில் அதிக நேரம் ஆகும், பங்குனி வெயிலில் சீக்கிரம் தெளியும். இதைப் பார்த்துத்தான் எல்லோரும் இஎச்டி போய்விட்டது என்கிறார்கள். நானும் சொன்னேன். சாக்கெட்டின் மூடியை நெம்பித் திறந்தால் உள்ளே பச்சைத் தூள் கொட்டும். அதைச் சுரண்டித் துடைத்து மாட்டினால் சில மாதம் ஓடும். திரும்ப வரும். புதுச் சாக்கெட் போடுவதே சரி, இஎச்டியோடு ஒப்பிட்டால் விலை ஒன்றுமே இல்லை. வாங்கப் போகும்போது பழைய சாக்கெட்டைக் கையில் கொண்டுபோங்கள். கழுத்து தடித்த டியூப் 29 மில்லிமீட்டர், ஒல்லியானது 22.5 மில்லிமீட்டர், இரண்டுக்கும் சாக்கெட் வேறு.

முதல் மின்சாரம்

சுத்தம் செய்து, பற்றவைத்து, எல்லா வயரையும் போட்டோ பார்த்து மாட்டிய பிறகும் நேராக ஆன் செய்ய வேண்டாம். சீரிஸ் பல்பு வழியாகக் கொடுங்கள். டிகாஸ் காயிலின் கனெக்டரை மட்டும் இப்போதைக்குக் கழற்றி வையுங்கள், அது ஆரம்பத்தில் நிறைய இழுக்கும் என்பதால் குழப்பும்.

பல்பு ஒரு விநாடி பளிச்சென்று எரிந்து அப்புறம் மங்கினால், மெயின் கண்டன்சர் நிரம்பியது, ஷார்ட் இல்லை. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். உடனே அணையுங்கள். பல்பே எரியவில்லை என்றால் ஃபியூஸோ, ஸ்விட்சோ, எங்காவது வயரோ விட்டிருக்கிறது. பல்பு மங்கலாக எரியும்போது டியூபின் கழுத்துக்குள் எட்டிப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஹீட்டர் சிறிதாகக் கனலும். பெரும்பாலான சேஸிகளில் ஹீட்டருக்கு இஎச்டியிலிருந்துதான் சப்ளை போகிறது. ஆகவே அந்தக் கனலைப் பார்த்துவிட்டால் லைன் பகுதி உயிரோடு இருக்கிறது என்று நிம்மதி அடையலாம். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த நொடி அது.

எல்லாம் சரி என்றால் பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்து, சேஸியில் அச்சிட்டிருக்கும் இடத்தில் மெயின் சப்ளை வோல்டேஜை அளவிடுங்கள். 110, 115, 130 என்று செட்டுக்கு ஒரு எண் இருக்கும். அந்த எண்தான் உங்களுக்கு வேதம். படம் கொஞ்சம் பெரிதாகட்டும், பளிச்சென்று வரட்டும் என்று இதைக் கூட்டவே கூடாது. கூட்டினால் ஆனோடு வோல்டேஜும் ஏறும், எக்ஸ்ரே கதிர் கூடும், லைன் டிரான்சிஸ்டரும் போகும்.

அறிகுறி சொல்லும் இடம்

படத்துக்குப் பதில் நடுவில் ஒரே ஒரு படுக்கைக் கோடு: வெர்டிகல் பகுதி. உடனே பிரைட்னஸைக் குறையுங்கள், இல்லையென்றால் அந்தக் கோடு டியூபில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். வெர்டிகல் ஐசிக்கு வரும் சப்ளையில் உள்ள சின்ன ரெசிஸ்டன்ஸ், ஐசியின் கால்கள், அப்புறம்தான் ஐசி. இங்கே புதியவர்கள் ஏமாறும் ஓர் இடம் உண்டு. பல பழைய கேம்கள் நெட்டுவாக்கில் ஆடுபவை, மானிட்டரையே 90 டிகிரி திருப்பி மாட்டியிருப்பார்கள். அந்தப் பெட்டியில் இதே கோளாறு நின்ற கோடாகத் தெரியும். கோட்டைப் பார்க்கும் முன் மானிட்டர் எப்படி மாட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

மேல் பகுதி மட்டும் நசுங்கியோ மடிந்தோ தெரிந்தால் வெர்டிகல் ஐசியின் பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் வற்றிவிட்டன. படத்தின் ஓரம் பாம்புபோல நெளிந்தால் மெயின் ஃபில்ட்டர் கண்டன்சர். வெள்ளை எழுத்தின் வலப்பக்கம் வால்போல இழுத்தால் நெக் போர்டுக்கு 180 வோல்ட் கொடுக்கும் சின்னக் கண்டன்சர். ஒரு நிறம் மட்டும் இல்லையென்றால் நெக் போர்டில் அந்த நிறத்தின் டிரான்சிஸ்டரும் அதற்குச் சப்ளை கொடுக்கும் பெரிய ரெசிஸ்டன்ஸும். ஆனால் அதற்குமுன் கேம் போர்டிலிருந்து வரும் சிவப்பு வயரையும் பச்சை வயரையும் மானிட்டர் முனையில் மாற்றி மாட்டிப் பாருங்கள். இல்லாத நிறமும் இடம் மாறினால் கோளாறு கேம் போர்டிலோ வயரிலோதான், மானிட்டரில் இல்லை. மூலையில் நிறத்திட்டு தெரிந்தால் டிகாஸ் காயிலும் போசிஸ்டரும். படம் உருண்டுகொண்டே இருந்தால் சிங்க் வயர். 1985-இல் வந்த ஜாமா முறைப் (கேம் போர்டைப் பெட்டியோடு இணைக்கும் பொதுவான கனெக்டர் முறை) பெட்டிகளில் 56 முனை கனெக்டரின் தகடுகள் கறுத்துப்போய் சிங்க் விடுவது நம் ஊரில் சாதாரணம். வெள்ளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்தாலே பளிச்சென்று ஆகிவிடும்.

அணைத்திருக்கும் கண்ணாடியிலேயே கேமின் கோடுகள் நிழலாகத் தெரிந்தால் அது பதிந்துபோன படம். 1980-இல் நாம்கோ வெளியிட்ட பேக்மேன் ஓடிய டியூப்களில் அந்தப் புதிர்ப்பாதை பதிந்திருப்பதை உலகம் முழுக்கப் பார்க்கலாம். அதற்கு மருந்து இல்லை.

மாற்றுதல்

கண்டன்சர்கள். ஒரு சேஸியில் இருபது முப்பது எலக்ட்ரோலிட்டிக் இருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டு மாட்டத் தொடங்காதீர்கள். ஒன்றைக் கழற்று, ஒன்றை மாட்டு, லிஸ்டில் கோடு போடு. மைக்ரோஃபாரட் அதே எண், வோல்ட் அதே எண் அல்லது ஒரு படி மேலே, 105 டிகிரி என்று அச்சிட்டது. மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று போர்டைப் பார்த்து மாட்டாதீர்கள், கழற்றிய பழையதைப் பார்த்து மாட்டுங்கள். சில போர்டுகளில் அச்சே தவறாக இருக்கும். ஐந்து மாற்றியதும் ஒருமுறை சீரிஸ் பல்பில் ஓடவிட்டுப் பாருங்கள். தவறு நடந்தால் அந்த ஐந்துக்குள் தேடினால் போதும்.

ஒரு கண்டன்சரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். லைன் டிரான்சிஸ்டரின் பக்கத்தில் 1600 அல்லது 2000 வோல்ட் என்று எழுதிய பிளாஸ்டிக் கண்டன்சர் இருக்கும், ட்யூனிங் கண்டன்சர் என்பார்கள். அதன் மதிப்பு அச்சாக அதேதான் இருக்க வேண்டும். குறைந்ததைப் போட்டால் ஆனோடு வோல்டேஜ் எகிறிவிடும்.

லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர். ஃபியூஸ் வெடித்து உள்ளே கண்ணாடி கருகியிருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே இரண்டு பக்கமும் மீட்டர் பீப் அடித்தால் போய்விட்டது. வாங்கும்போது எண்ணின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். பியூ508டி என்றால் உள்ளே டாம்பர் டையோடு உண்டு. பியூ508ஏ என்றால் இல்லை. டி இருந்த இடத்தில் ஏ போட்டால் ஆன் செய்தவுடன் அதுவும் போகும். ஹீட்சிங்குக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவே இருந்த மைக்கா தகட்டை, சூட்டைக் கடத்தும் ஹீட்சிங்க் பசை தடவித் திரும்ப வைத்து, கலெக்டர் ஹீட்சிங்கைத் தொடவில்லை என்று மீட்டரில் உறுதிசெய்யுங்கள். புதியதும் சீக்கிரம் சூடேறினால், அதை இயக்கும் டிரைவர் பகுதியின் சின்னக் கண்டன்சர்தான் வற்றியிருக்கும். அதை மாற்றாமல் இன்னொரு டிரான்சிஸ்டர் வாங்குவதில் பயனில்லை.

இஎச்டி. உடலில் விரிசல், உப்பிய இடம், இருட்டில் நீலப் பொறி, அல்லது சீறும் சத்தம் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். சீறல் ஆனோடு தொப்பியிலிருந்து வந்தால் அது இஎச்டியின் குற்றமல்ல. மின்சாரத்தை இறக்கிவிட்டு, தொப்பியைக் கழற்றி, கண்ணாடியில் ஒரு கையகலத்துக்கு உப்பையும் தூசியையும் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்தபின் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். வினிகர் வாசம் வரும் சிலிக்கான் பசையைப் போர்டில் எங்கும் வைக்காதீர்கள், அந்த அமிலம் செம்பைத் தின்னும். உண்மையிலேயே இஎச்டி போயிருந்தால், அதன் மேல் உள்ள எண்ணை முழுதாக எழுதிக்கொண்டு தேடுங்கள். ஸ்பெயினின் டீமென் கம்பெனி தன் மாற்று இஎச்டிகளுக்கு எச்ஆர் என்று தொடங்கும் எண்கள் கொடுத்தது. கடைக்காரர்கள் பலர் அந்த எண்ணைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். நாகர்கோவிலில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். உருவம் ஒன்றுபோல இருக்கிறது என்று வாங்காதீர்கள், கால்களின் வரிசை மாறியிருக்கும்.

சேஸியே கருகித் தேறாத நிலை என்றால், சுமார் 15,700 கோடு வரையும் யுனிவர்சல் ஆர்கேட் சேஸி புதிதாகக் கிடைக்கிறது. உங்கள் யோக்கின் காயில் அதற்குப் பொருந்துமா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். யோக்கு பொருந்தாத சேஸி படத்தின் அகலத்தையும் கெடுக்கும், டிரான்சிஸ்டரையும் கெடுக்கும்.

படத்தை அமைத்தல்

அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகே எந்தக் கண்ட்ரோலையும் திருப்புங்கள், பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால். இஎச்டியில் இரண்டு திருகு இருக்கும், ஒன்று ஃபோகஸ், ஒன்று ஸ்கிரீன். கேம் கறுப்புக் காட்சியில் நிற்கும்போது ஸ்கிரீனை மெல்லக் கூட்டினால் சாய்வான மெல்லிய கோடுகள் தெரியத் தொடங்கும். அவை மறையும்வரை குறைத்து நிறுத்துங்கள். பிறகு எழுத்துள்ள காட்சியில் ஃபோகஸ். நெக் போர்டின் நிறக் கண்ட்ரோல்களைத் திருப்புமுன் அவை நின்ற இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பப் பெட்டிக்குள்

அண்ணாச்சியின் பெட்டிக்குப் புதுச் சாக்கெட், பதினோரு கால்களுக்குப் புது ஈயம், ஒரு மெயின் கண்டன்சர். அவ்வளவுதான் செலவு. ஆன் செய்தபோது எடுத்த எடுப்பிலேயே எழுத்து கூர்மையாக வந்தது. கடைசித் தெருப் பையன் ஒருவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பெட்டியைக் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைக்க வேண்டாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் சூடு வெளியேறும். தார்ப்பாய் போர்த்தினால் ஈரம் உள்ளேயே நிற்கும், பழைய பருத்திப் போர்வை போதும். ஆனி, ஆடி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆட ஆள் வராவிட்டாலும் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், உள்ளே வரும் சூடுதான் சாக்கெட்டைக் காய வைக்கும். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பின்பலகையின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, தேதி, மாற்றிய பாகங்கள், அளந்த மெயின் வோல்டேஜ், மின்சாரத்தை இறக்க எந்த வயரில் கிளிப் மாட்ட வேண்டும் என்பது, எல்லாவற்றையும் பால்பாயிண்ட் பேனாவில் எழுதி வையுங்கள். இங்க் பேனா எழுத்து நம் ஊர் ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது.